அந்தக் கரிக்குழிக்குள் மறுபடி போக வேண்டாம், தம்பி

கேள்வி:

சார், எனக்கு வயது 24. குலசேகரம் பக்கம் வீடு, சென்னையில் வேலை. போன தடவை ஊருக்கு வந்தபோது, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் பின்பக்கம், பொற்றை (சின்னக் குன்று) அடிவாரத்தில் ஒரு சுரங்க வாய் இருப்பதை நண்பர்கள் காட்டினார்கள். பால்வெட்டுகிறவர்கள் அதைக் கரிக்குழி என்கிறார்கள், வெள்ளைக்காரன் காலத்தில் பென்சில் கரி வெட்டினார்களாம். என் தாத்தாவோ அது ராஜா தப்பித்துப்போன வழி என்கிறார். நாங்கள் நாலு பேர் போன் வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் உள்ளே போனோம். குனிந்துதான் போக முடிகிறது. சுவரெல்லாம் கறுப்பாக மினுங்குகிறது, தொட்டால் கையில் ஒட்டுகிறது. தரையில் கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் ஆரஞ்சு நிறச் சேறு. ஒரு இடத்தில் இடதுபக்கம் இன்னொரு வழி பிரிகிறது. ஒருவனுக்குத் தலைவலி வந்ததால் அதற்கு மேல் போகவில்லை, வெளியே வந்ததும் அவனுக்குச் சரியாகிவிட்டது. பூஜை விடுமுறைக்கு வரும்போது முழுவதும் போய்ப் பார்த்து வீடியோ எடுக்கலாம் என்று திட்டம். கயிறு, ஹெட்லைட், ஹெல்மெட், என்95 மாஸ்க், மெழுகுவர்த்தி, பாம்புக்குப் பயந்து கம்பூட்ஸ் எல்லாம் வாங்கிவிட்டோம். வேறு என்ன வாங்க வேண்டும்? ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் சித்தி மகனும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான், கூட்டிப் போகலாமா? அந்தக் கறுப்புக் கல்லுக்கு விலை ஏதாவது உண்டா? வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

தம்பி, வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. வாங்கினதில் ஹெட்லைட் கரண்ட் போகிற நேரத்துக்கு ஆகும், கயிறை வீட்டுக் கிணற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நாலு பேரும் அந்தக் குழிக்குள் இனிமேல் போகக்கூடாது, அதுதான் என் பதில். வெறுமனே போகாதே என்று சொன்னால் உங்கள் வயதில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது தெரியும், அதனால் காரணத்தையும் சொல்கிறேன், அதுவும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிற காரணங்களை வைத்து.

பழைய குழி என்றதும் ஆட்கள் முதலில் பாம்பை நினைப்பார்கள், அடுத்தது மேலே இருந்து இடிந்து விழுமோ என்று, அப்புறம் பேய். நீங்களும் கம்பூட்ஸ் வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள். ஒருவனுக்குத் தலைவலி வந்தது, வெளியே வந்ததும் சரியாகிவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நிலத்தடியில் வேலை பார்த்த எவனும் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போகமாட்டான். வெளியே வந்ததும் சரியாகிற தலைவலி பயத்தாலும் வரலாம், புழுக்கத்தாலும் வரலாம், ஆனால் ஒரே வாய் உள்ள பழைய குழிக்குள் அது வந்தால் காற்று கெட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நண்பருக்கு நீங்கள் மூன்று பேரும் ஒரு பிரியாணி வாங்கித் தரலாம்.

நாம் வெளியே சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். ஆள் வேலை பார்க்கிற இடத்தில் அது 19-க்குக் கீழே போகக்கூடாது, கரியமில வாயு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுச் சுரங்க விதி. இரண்டு சதவீதம் குறைந்ததற்கே வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே கூட்டி வரச் சொல்கிறது சட்டம், அப்படியென்றால் எவ்வளவு சின்ன இடைவெளி என்று பாருங்கள். 16 பக்கம் வந்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். மனிதன் அப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பான், ஆனால் தலை கனக்கும், கால் தள்ளாடும், எல்லாவற்றையும்விட மோசம், புத்தி மட்டுப்படும். திரும்பிப் போகலாமா என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசிக்கிற திறன்தான் முதலில் போகும். 10 பக்கம் வந்தால் மயக்கம். 6-க்குக் கீழே போனால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும், விழுவதற்கு முன் கத்தக்கூட நேரம் இருக்காது. மூச்சு முட்டினால் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். முட்டாது என்பதுதான் விஷயமே. மூச்சுத் திணறலை நம் உடம்பு பெரும்பாலும் ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதை வைத்துத்தான் உணர்கிறது, ஆக்சிஜன் குறைவதை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நல்ல காற்று மாதிரியே இருக்கும், மணம் கிடையாது, ஒன்றும் தோன்றாது.

இனி அந்த ஆரஞ்சு நிறச் சேற்றுக்கு வருகிறேன். அது மேலே இருந்து வடிந்த செம்மண்ணாகவும் இருக்கலாம், நம் ஊரில் மழை பெய்தால் எல்லாத் தண்ணீரும் அந்த நிறம்தான். ஆனால் பென்சில் கரி, அதாவது கிராபைட், இருக்கிற பாறையில் பல இடங்களில் பைரைட் என்ற கனிமமும் கூடவே இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரமும் காற்றும் பட்டால் அது துருப்பிடிக்கும், அந்தத் துருதான் ஆரஞ்சுச் சேறாக அடியில் படியும். துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும், குழிக்குள் இருக்கிற ஆக்சிஜனைத்தான் அது எடுக்கும். நூறு வருஷமாக அடைந்து கிடக்கிற ஒரு முட்டுச்சந்தில் இந்த வேலை ராத்திரி பகல் இல்லாமல் நடந்தால் உள்ளே என்ன மிச்சம் இருக்கும்? முட்டுக்கொடுத்த மரங்கள் உளுத்தாலும் இதேதான், ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடும். மிஞ்சுகிற கெட்ட காற்றைச் சுரங்கக்காரர்கள் பிளாக்டாம்ப் என்பார்கள். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். நீங்கள் குனிந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள், அதாவது உங்கள் மூக்கு இடுப்பு உயரத்தில் இருந்திருக்கிறது.

போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். போன தடவை எப்படி இருந்தது என்பதை வைத்து அடுத்த தடவையைக் கணக்குப் போட முடியாது, ஏனென்றால் இந்தக் குழிகள் மூச்சு விடும். வெளியே காற்றழுத்தம் கூடும்போது நல்ல காற்றை உள்ளே இழுக்கும், அழுத்தம் குறையும்போது உள்ளே ஒளிந்திருக்கிற கெட்ட காற்றை வாய்ப்பக்கம் தள்ளும். வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவானால் பொற்றை அடிவாரத்தில் இருக்கிற உங்கள் குழிக்கும் அது தெரியும். பூஜை விடுமுறை எந்த மாதத்தில் வருகிறது? புரட்டாசியில், சில வருஷம் ஐப்பசித் தொடக்கத்தில். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் ஊறின பாறை காய்வதற்குள் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம், உங்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

வாங்கின பொருட்களைப் பார்ப்போம். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், வவ்வால் எச்சத்தில் வளரும் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து கொண்டுவரும்? மெழுகுவர்த்தி பழைய வழக்கம், கிணறு வெட்டுகிறவர்கள் இன்றும் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது அணையும்போது நீங்கள் ஏற்கெனவே ஆபத்துக்குள் நிற்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடும் அழுகின முட்டை நாற்றமடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடும் ஆளைக் கொல்கிற அளவில் இருந்தாலும் மெழுகுவர்த்தி பாட்டுக்கு எரியும். அந்த முட்டை நாற்றத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு, வாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுபோனது மாதிரி இருக்கும், போய்விட்டது என்று நினைத்து ஆள் முன்னால் நடப்பான். தேங்கின தண்ணீரைக் கலக்கினால் இது திடீரென்று கிளம்பலாம். வவ்வால் இருந்தால் காற்று இருக்கும் என்று யாராவது சொல்வார்கள், அது வவ்வால் தொங்குகிற இடம் வரைக்கும் சரி. நாலு வாயுவை அளக்கிற கருவியை வாடகைக்கு எடுக்கலாமே என்று கேட்பீர்கள், அதைக் கேட்கிற ஆள் நீங்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாதாரணமாகக் கிடைக்கிற அந்தக் கருவி ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு இந்த நாலைத்தான் காட்டும், கரியமில வாயுவைக் காட்டாது. அதோடு அது அலறினால் ஓடுவதற்கு வழி வேண்டும். குனிந்து, தண்ணீரில், ஒருவர் பின் ஒருவராக நிற்கிற நாலு பேர் எப்படி ஓடுவீர்கள்?

கயிறைப் பற்றி. கயிறைக் கட்டிக்கொண்டு முதலில் ஒருவன் போவான், ஏதாவது ஆனால் மற்ற மூன்று பேர் இழுப்பார்கள், இதுதான் உங்கள் திட்டமாக இருக்கும். நினைவு தப்பின ஒரு ஆளை, நேராகக்கூட நிற்க முடியாத வழியில், கல்லும் மூலையும் இருக்கிற இடத்தில் இடுப்புக் கயிறால் இழுத்துப் பாருங்கள். முதல் வளைவிலேயே தோள் சிக்கும். அப்போது பின்னால் நிற்கிறவன் என்ன செய்வான்? உள்ளே ஓடுவான், நண்பன் அல்லவா. நிலத்தடி விபத்துகளில் இந்த இடம்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்குவது. கிணறு தூர்வார இறங்கினவரைக் காப்பாற்ற இறங்கினவரும் சாவு, கழிவுநீர்த் தொட்டியில் அண்ணனைத் தூக்க இறங்கின தம்பியும் சாவு என்று நம் பேப்பர்களில் எத்தனை செய்தி படித்திருப்பீர்கள். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் நடக்கிற சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று இருக்கிறது. விழுந்தவன் ஒருவன், செத்தவர்கள் மூன்று பேர் என்பதுதான் இந்த விபத்துகளின் வழக்கமான கணக்கு.

கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் கேரளத்து இளைஞர் ஒருவர் விழுந்து, கூட வந்த நண்பரே கயிறில் இறங்கித் தூக்கி வந்தாரே, அது நடக்கவில்லையா என்று உங்களில் ஒருவர் கேட்பார். நடந்தது, அந்த நண்பரின் நெஞ்சுரத்துக்கு நானும் கும்பிடு போடுகிறேன். ஆனால் அது மேலே வானம் பார்த்துத் திறந்த பாறைப் பிளவு. உங்களுடையது ஒரு வாய் மட்டும் வைத்து மனிதன் குடைந்த முட்டுச்சந்து. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசவே முடியாது. அதைவிட தாய்லாந்து தாம் லுவாங் குகையை நினைத்துப் பார்க்கலாம், அங்கே 2018 ஜூன் 23-ம் தேதி 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சும்மா சுற்றிப் பார்க்கத்தான் உள்ளே போனார்கள், மழைத் தண்ணீர் வழியை அடைத்துவிட்டது, கடைசி ஆள் வெளியே வர ஜூலை 10 ஆனது. அவர்கள் ஒதுங்கியிருந்த இடத்தில் ஆக்சிஜன் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும்போது சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் இறந்துபோனார், நீச்சலில் தேர்ந்த, பயிற்சி பெற்ற ஆள் அவர்.

கூரையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தடியில் ஷிப்ட் தொடங்கினால் முதல் வேலை கூரையைத் தட்டுவது. நீளமான இரும்புக் கம்பியால் ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே போவோம், கம்பியைப் பிடித்த கையிலும் தெரியும், காதிலும் தெரியும். கெட்டியான பாறை கணீர் என்னும். உள்ளே விட்டுப்போன பாறை டொப் என்று ஒரு வெற்றுச் சத்தம் கொடுக்கும், நாம் சக்கை, அதாவது பலா, பழுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போமே, ஏறக்குறைய அதே காதுதான் இதற்கும் வேண்டும். டொப் என்றால் ஓரமாக நின்று நெம்பிக் கீழே தள்ளிவிட்டுத்தான் அடுத்த அடி. இதைச் செய்ய ஆள் பழக வருஷக்கணக்காகும். உங்கள் குழியில் கடைசியாகக் கூரையைத் தட்டின ஆளின் பேரப்பிள்ளைக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கும். பென்சில் கரி பாறையில் இன்னொரு வில்லங்கம், சுவர் மினுங்குகிறது, கையில் ஒட்டுகிறது என்றீர்களே, அந்த வழுவழுப்புதான். பாறையின் அடுக்குகளுக்கு நடுவே அந்தக் கரி பூசிக்கிடந்தால் ஒரு அடுக்கை இன்னொன்று பிடித்து நிற்காது, எண்ணெய் தடவினது போல வழுக்கிக்கொண்டு இறங்கும். சுரங்க வாயிலிருந்து முதல் சில அடிகள்தான் பாதுகாப்பானவை என்று எல்லோரும் நினைப்பார்கள், உண்மையில் பல குழிகளில் மிக மோசமான இடமே அதுதான், வெயிலும் மழையும் ரப்பர் மர வேரும் பட்டு அங்கேதான் பாறை நன்றாக உளுத்திருக்கும்.

தண்ணீர். கணுக்கால் அளவு என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் நின்ற இடத்தில் கணுக்கால் அளவு என்று திருத்திக்கொள்ளுங்கள். கரி ஓடுகிற நரம்பைத் தொடர்ந்து வெட்டுகிறவன் அது கீழே இறங்கினால் அவனும் கீழே இறங்குவான், கிடையாகப் போகிற வழியின் தரையிலேயே செங்குத்தாக ஒரு குழி வெட்டுவான். வேலை நின்றதும் அது தண்ணீரால் நிரம்பிவிடும், மேலே பார்த்தால் தரையும் குழியும் ஒரே மட்டத்தில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். சில இடங்களில் அதன்மேல் பலகை போட்டு மண் தள்ளியிருப்பார்கள், பலகை உளுத்து மண் மட்டும் நிற்கும். இடதுபக்கம் பிரிகிற வழி எனக்கு இதைத்தான் நினைவுபடுத்துகிறது, ஒன்றும் இல்லாத இடத்தில் யாரும் மெனக்கெட்டு வழி பிரிக்கமாட்டார்கள். கம்பூட்ஸ் போட்டு இதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைவிட்ட சுரங்கத்தில் நிற்கிற தண்ணீரை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் லேசாக எடுப்பதில்லை. தன்பாத் பக்கம் சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27-ம் தேதி பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 375 பேர் இறந்தார்கள். உங்கள் குழி அந்த அளவெல்லாம் கிடையாது, ஆனாலும் தண்ணீரின் குணம் ஒன்றுதான்.

இன்னும் ஒன்று, பழைய வெடிமருந்து. நம் மாவட்டத்தில் கல்குவாரி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்டா, கேப்பு, திரி என்றால் தெரியும். பழைய தோட்டா வியர்க்கும், அந்த வியர்வை நைட்ரோகிளிசரின், தொட்டாலே வெடிக்கக்கூடியது. குழி வாய்ப்பக்கத்தில்கூடக் குச்சி மாதிரியோ சின்னச் செம்புக் குழல் மாதிரியோ எதைப் பார்த்தாலும் காலால்கூடத் தள்ளாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

சரி, பயமுறுத்தினது போதும். உங்களுக்கு உண்மையில் இருப்பது ஆசை, அதை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு குழி இருந்தால் அதை யார் வெட்டினார்கள், எதற்கு விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத் தோன்றாதவன்தான் அதிசயம். அதைத் தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதே இல்லை.

தாத்தா சொன்ன ராஜா கதையை முதலில் பார்ப்போம். நம் ஊரில் பூமியில் எங்கே ஓட்டை இருந்தாலும் அதில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவை இறக்கிவிடுவது ஒரு பழக்கம். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாரோட்டு அரண்மனைக்குப் போகும் ரகசிய வழி என்று ஒன்றைச் சொல்வார்கள், அது இப்போது அடைக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கதைதான் கிளைவிட்டு எல்லா ஊர்க் குழிக்கும் பரவியிருக்க வேண்டும். ராஜா தப்பிக்க வெட்டின வழி ஒரு பக்கம் நுழைந்தால் இன்னொரு பக்கம் வெளியே வரவேண்டும் அல்லவா, கரி ஒட்டுகிற முட்டுச்சந்துக்குள் போய் அவர் என்ன செய்வார்? பால்வெட்டுகிறவர்கள் சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. திருவனந்தபுரம் பக்கம் வெள்ளநாட்டில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்கன் குரூசிபிள் என்ற இங்கிலாந்துக் கம்பெனி பென்சில் கரி வெட்டியிருக்கிறது. உலோகம் உருக்கும் மூசை செய்ய அது வேண்டும், அந்தக் கம்பெனியின் தொழிலே மூசைதான். அங்கே இருக்கிற கோண்டலைட் என்ற பாறைவகைதான் நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கமும் ஓடுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் போகலா, கஹட்டகஹ சுரங்கங்களில் இன்றும் பூமிக்கு அடியில் இறங்கிப் பென்சில் கரி எடுக்கிறார்கள். அப்படி ஒரு நரம்பு இங்கேயும் இருக்குமா என்று யாரோ ஒருவர் சோதனைக்குக் குடைந்து பார்த்துக் கட்டுப்படியாகாமல் விட்டுப் போயிருக்கலாம். நம் மாவட்டத்தின் கனிமம் என்றால் எல்லோருக்கும் மணவாளக்குறிச்சி மணல்தான் நினைவு வரும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து கப்பலில் போன கயிறில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். மலைப்பக்கத்துக் கதையை அவ்வளவாக யாரும் எழுதவில்லை, நீங்கள் எழுதலாம்.

எங்கே தேடுவது என்றால், நாகர்கோவிலில் மட்டும் தேடாதீர்கள். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டுப் பக்கம் சேரும் வரைக்கும் நாம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி. அதற்கு முந்தின குத்தகை, அனுமதி, வரைபடம் எது மிஞ்சியிருந்தாலும் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 1906-ல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலில் நிலவியல் பற்றி ஒரு பகுதி உண்டு, அதிலிருந்து தொடங்கலாம். எஸ்டேட்டின் பழைய பத்திரத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். நம் ஊரில் விளைகளின், அதாவது தோட்டங்களின், பெயரில் பாதி வரலாறு கிடக்கும். தாத்தாவையும், அந்தப் பக்கம் வயதானவர்கள் வேறு யார் இருந்தாலும் அவர்களையும் போனில் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள், இதற்கு மட்டும் அடுத்த விடுமுறை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வெளியே நின்று பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது, வாயிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் போட்டு எடுத்தாலே சுவரில் உளி விழுந்த தடமா, வெடி வைக்கத் துளைத்த அரைவட்டத் தடமா என்று தெரியும், அதை வைத்து வெட்டின காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். உள்ளே இருந்து அள்ளிக் கொட்டின மண்மேடு எங்கேயாவது பக்கத்தில் புல் மூடிக் கிடக்கும். அந்த மேட்டின் நீளம் அகலம் உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், உள்ளே எவ்வளவு குடைந்திருப்பார்கள் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் வீடியோவுக்கு இருட்டில் நாலு பேர் குனிந்து நடப்பதைவிட இது நல்ல காட்சி.

எஸ்டேட் உரிமையாளருக்குச் சொல்லாமல் இதையும் செய்யாதீர்கள். அவருக்கே அந்தக் குழி இருப்பது தெரியாமல் இருக்கலாம். அந்த இடம் வனத்துறை எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், குலசேகரத்துக்கு மேலே வனவிலங்குச் சரணாலயம் தொடங்கிவிடுகிறது, அதற்குள் அனுமதி இல்லாமல் போனால் வழக்கு வரும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடமும் நாகர்கோவிலில் இருக்கிற புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்திலும் படத்தோடு எழுதிக் கொடுத்து, வாயை வேலி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அடைத்துவிட்டால் போச்சே என்று வருத்தப்படாதீர்கள், இடைவெளி விட்டுக் குறுக்குக் கம்பி போட்டு அடைத்தால் வவ்வாலும் போய்வரும், உங்களுக்கும் எட்டிப் பார்க்க முடியும். நீங்கள் போனதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று தயங்கினால், வாயைப் பார்த்தோம் என்று எழுதுங்கள், அது பொய் இல்லை. நாளைக்கு யாராவது உள்ளே விழுந்துவிட்டால் ஒருவரும் பின்னால் போகாதீர்கள், 112-க்கோ 101-க்கோ அடியுங்கள், காற்றுக் கருவி மாட்டிக்கொண்டு நுழையத் தீயணைப்புத் துறைக்குத்தான் முடியும். எஸ்டேட்டில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்பதுகூட உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உண்மையான சுரங்கத்துக்குள் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் நாக்பூர் பக்கம் சாவ்னேரில் 2016-லிருந்து நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கொல்கத்தா பிர்லா தொழில் அருங்காட்சியகத்தில் அச்சு அசலாக ஒரு மாதிரிச் சுரங்கமே கட்டி வைத்திருக்கிறார்கள், கன்னியாகுமரியிலிருந்து ஹவுராவுக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஆகாது என்றால் மருத்துவாழ்மலை ஏறுங்கள், நாராயண குரு தவம் இருந்ததாகச் சொல்லும் பிள்ளைத்தடம் குகை அங்கே இருக்கிறது. சிதறாலில் சமணர்கள் இருந்த பாறைக்குடைவும் பக்கத்தில்தான்.

சித்தி மகன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அண்ணன்மார் போகிற இடத்துக்கெல்லாம் வருவான், நீங்கள் போகாவிட்டாலும் அந்த இடம் அவனுக்குத் தெரிந்துவிட்டது, இனி அவன் தன் கூட்டாளிகளோடு போவான். அதனால் வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், திட்டு விழும், விழட்டும். அவனிடம் நீங்களே உட்காரவைத்துப் பேசுங்கள், தலைவலி வந்த நண்பரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் சொல்வதைவிட அது ஏறும். அப்படியே தண்ணீர் நிற்கிற பழைய கல்குவாரிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் குளிக்கப் போகிற அந்தக் குழிகளில் கரை செங்குத்தாக இறங்கும், ஏறிவரப் பிடி இருக்காது.

கறுப்புக் கல்லுக்கு விலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழுந்து, கையில் தூக்கினால் அதே அளவு சாதாரணக் கல்லைவிட லேசாகவோ ஏறக்குறைய அதே கனமாகவோ இருந்தால் அது பென்சில் கரிதான். கோடு விழுந்து, ஆனால் கை இழுக்கிற அளவு கனமாக இருந்தால் அது மாலிப்டனைட் என்ற வேறு கனிமமாக இருக்கலாம், பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. எதுவானாலும் அரசின் அனுமதி இல்லாமல் வெட்டி விற்க முடியாது, ஒரு கைப்பிடிக் கல்லுக்குக் காசு தருகிற ஆளும் கிடையாது. மேசைமேல் வைத்துக்கொள்ள ஒரு துண்டு வேண்டும் என்றால் எஸ்டேட்காரரைக் கேட்டுவிட்டு வெளியே கிடக்கிற மண்மேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள்.